இவ்வினத்தார் சிரிப்பதில்லை

பல்லக்காவுக்கு ஆட்களின் பெயர் மறந்துவிடும், வாய் மறக்காது. கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து, "என்னம்மா, ஞாபகமிருக்கா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அந்த ஆள் லேசாகச் சிரித்துவிட்டால் போதும். கீழ்வரிசை, இடதுபக்கம், கடிக்கும்போது ஒரு பல் உயரமாக இருக்கிறதென்று திரும்பத் திரும்ப வந்து தேய்த்துக்கொண்டு போனவர் என்று பூர்வீகம் மொத்தமும் வந்துவிடும்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரியின் பின்னறை அவளுடையது. முன்னறையில் டாக்டர் பிடுங்குவார். பின்னறையில் பல்லக்கா முளைக்க வைப்பாள். ஒரு கல்மேஜை, ஒரு காஸ் அடுப்பு, ரோஜா நிற மெழுகு, பித்தளை அச்சுகள், எதைத் தொட்டாலும் கையில் ஒட்டும் வெள்ளைத் தூள். சுவரோரத்து அலமாரியில் ஊர்ப் பெரிய மனிதர்களின் வாய்கள் எல்லாம் மாவுக்கட்டு வார்ப்புகளாக வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஒரு வார்த்தை பேசாமல். வெளியில் அவர்களை அப்படிப் பார்த்தவர் யாரும் கிடையாது.

அந்த ஆஸ்பத்திரிக்கு அவள் பெருக்கித் துடைக்கத்தான் வந்தாள். அப்போது அவள் பல்லக்கா இல்லை, 'ஏய் பொண்ணு'. பல் கட்டுகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான். மகள் கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்ட ஒரு மனிதர், பாதியில் நின்றுபோன பல் செட்டை எண்ணி, முன்னறையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் கையைப் பிசைந்தார். தினமும் ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்த தைரியத்தில் இவள் மெழுகை எடுத்தாள். அந்த மனிதர் கல்யாணப் பந்தியில் எலும்பைக்கூட விட்டு வைக்கவில்லை என்று தகவல் வந்தது. அதோடு துடைப்பம் வேறு கைக்குப் போயிற்று.

ஒரே ஒரு பழக்கம்தான் அவளிடம் மற்றவர்களுக்கு விசித்திரமாகப் பட்டது. யார் வாயில் அளவு பார்ப்பதானாலும், "தொடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள். பல் கட்டிக்கொள்வதற்கென்றே படியேறி வந்து, நாற்காலியில் சாய்ந்து, ஆவென்று பிளந்துகொண்டிருக்கிற ஆளிடம் இதென்ன கேள்வி என்று டாக்டர் கேலி செய்வார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பதில் வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பிளந்த வாயால் சரியென்று சொல்வது கஷ்டம். எல்லோரும் கண்ணால் சொல்வார்கள்.

பல்லக்காவின் ஜனங்கள் பழங்குடிகள். ஊர் என்று ஒன்று வருவதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள். ஊர் வந்த பிறகு, கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளச் சொல்லப்பட்டவர்கள். தங்களுக்குள் 'நம்ம ஆளுங்க' என்று மட்டும் சொல்லிக்கொள்வார்கள். புத்தகங்களில் அவர்களுக்கு வேறொரு பெயர் இருந்தது. பெயரெழுத வந்த அறிஞர் நேரே அவர்களிடம் கேட்டிருக்கலாம். வெயிலாக இருந்ததோ என்னவோ, பக்கத்து ஊர் நிழலில் உட்கார்ந்து, 'அதோ அங்கே இருக்கிறார்களே, அவர்கள் யார்?' என்று விசாரித்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் அந்தச் சமயம் அவர்களோடு வாய்க்கால் தகராறில் இருந்தார்கள். கோபத்தில் வாயில் வந்த வசைச்சொல் அச்சேறிவிட்டது. இன்றைக்கும் அரசாங்கச் சான்றிதழில் அதுவே அவர்கள் பெயர்.

ஊர்க்காரர்கள் இப்போது ரொம்பவே மாறிவிட்டார்கள். முன்போல யாரும் திட்டுவதில்லை. "நீங்களா? பார்த்தா அப்படித் தெரியவே இல்லையே" என்று பாராட்டுகிறார்கள், பாராட்டிவிட்டு, நன்றிக்காகக் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்கிறார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி, சுத்தமான காட்டுத்தேன் கிடைக்குமா என்று விசாரிப்பார்கள். பல்லக்கா தேன் வாங்குவது கீழே மருந்துக்கடையில். அந்தப் பாட்டிலின் விலையைச் சொல்லி, வேண்டுமானால் வாங்கி வரட்டுமா என்று கேட்பாள்.

அவளைக் கட்டிக்கொண்டவர் பஸ் கண்டக்டர். ஊர்க்காரர்தான். கல்யாணப் பேச்சை எடுத்த அன்று அவருடைய தாயார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தாயார் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள்; படித்ததை மறக்காதவள்.

"அதுங்களுக்குச் சிரிக்கவே தெரியாதாமேடா. பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. காலம்பூரா அந்த மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எப்படிடா இருப்ப?"

அவள் சிரித்த சிரிப்பில்தான் தான் விழுந்ததே என்று கண்டக்டர் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. புத்தகத்தில் போட்டிருக்கிறதைவிடப் பெற்ற பிள்ளை சொல்வதா பெரிது?

மருமகள் வீட்டுக்கு வந்த பிறகு, புத்தகம் சொன்னதற்கு மாமியாருக்கு நேரடிச் சாட்சியே கிடைத்துவிட்டது. மாமியாரின் வசவுக்குப் போக்குவரத்து விதி மாதிரி ஓர் ஒழுங்கு உண்டு. கழுவாத பாத்திரத்தில் புறப்பட்டு, மருமகளின் பரம்பரை வழியாக, மகனின் அப்பாவித்தனத்தில் சற்று நின்று, கடைசியில் கரண்ட் பில்லில் வந்து முடியும். எந்த விஷயமானாலும் கடைசி நிறுத்தம் கரண்ட் பில்தான். அத்தனை நேரமும் மருமகள் உதட்டை இறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, அசையாமல் நிற்பாள். கரண்ட் பில் வந்ததும் விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "பாருடா, எப்படி உர்ருன்னு நிக்கிறான்னு. உம்மணாமூஞ்சி" என்பாள் மாமியார். அழட்டும் என்று விட்டுவிடுவாள். ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காத சமயம், ஒரு டம்ளர் டீ அந்தக் கதவோரம் வந்து உட்கார்ந்திருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

வயதாகி மாமியாருக்குப் பல் கொட்டியபோது மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் கட்டிக் கொடுத்தவள் மருமகள்தான். அதற்குப் பிறகு அந்தப் பல்லால்தான் மாமியார் மருமகளைக் கடித்தாள்.

இந்தக் கதையில் பல்லக்காவுக்கு என்ன குறை என்றால், அவளிடம் அவளுடைய அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை.

அம்மா தன்னைப் படமெடுக்க யாரையும் விட்டதில்லை. மகள் கல்யாணத்தில் கேமராவைக் கண்டதும் சமையற்கட்டுக்குள் போனவள், கேமராக்காரர் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தாள். செல்போன் வந்த பிறகும் முந்தானையை முகத்தில் இழுத்துக்கொள்வாள்; சம்பந்தி வீட்டுக்கு வந்தால் கிளம்பும்வரை இறக்க மாட்டாள். அடையாள அட்டைக்காக ஒரே ஒருமுறை வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். அந்தப் படத்தைப் பார்த்து அம்மாவே யார் இது என்று கேட்டாள். இறந்த பிறகு அந்த அட்டையையும் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏன்மா இப்படி என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"ஒருத்தன் என் மூஞ்சிய வாங்கிட்டுப் போனான். இன்னும் திருப்பிக் குடுக்கல. அத முதல்ல குடுக்கட்டும்."

அது அம்மா சிறுமியாக இருந்தபோது நடந்தது. மூன்று கால் மேல் பெட்டி வைத்த மாதிரி ஒரு கேமராவோடு, துரை மாதிரி ஓர் ஆள் வந்திருக்கிறார். ஆமை படுத்திருப்பது போன்ற ஒரு பாறைக்கு முன்னால் அம்மாவை நிறுத்தி, பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ஒரு கோலை நட்டிருக்கிறார். அசையக் கூடாது, மூச்சு விடக் கூடாது என்று அதட்டிவிட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். தலை உள்ளே போனதும் உடம்பின் மறுமுனை வெளியே ஓங்கி நின்றது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு வந்து கறுப்புத் துணியின் வாலை மெல்ல ஆரம்பித்தது. ஆடு இழுக்க, அவர் உள்ளேயிருந்து இழுக்க, "அசையாதே" என்று துணிக்குள்ளிருந்து அவர் யாரை அதட்டுகிறார் என்பது ஆட்டுக்கும் புரியவில்லை. சிரித்தால் தோலை உரித்துவிடுவேன் என்று அம்மாவின் அப்பா எதிரே நின்று கண்ணைக் காட்டினார். அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றாராம்.

"கன்னத்த உள்ளாற கடிச்சுக்கணும். மூக்கால மூச்சு விடக் கூடாது, விட்டா வெடிச்சுரும்" என்று அம்மா செய்து காட்டுவாள். பள்ளிக்கூடத்தில் பல்லக்காவை வாத்தியார் கடைசி வரிசையில் உட்காரவைத்து அடிக்கடி திட்டுகிறார் என்று தெரிந்தபோது, அம்மா கற்றுக்கொடுத்த ஒரே தற்காப்புக் கலை அதுதான்.

கதை எப்போதும் ஆட்டோடு முடிந்துவிடும். ஒரே ஒரு தடவை, மகள் பல் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, அம்மா மிச்சத்தைச் சொன்னாள். படமெடுத்து முடித்ததும் அந்த ஆள் இரும்பு இடுக்கியால் அவள் தலையை அளந்தார். பிறகு, ஒன்றும் சொல்லாமல், தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, விரலை உள்ளே விட்டுப் பல்லைப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பார்க்கிற மாதிரி. "கேட்டிருந்தா நானே திறந்து காட்டியிருப்பேன்" என்றாள் அம்மா. மறுநாள் காலை பின்னறைக்கு அளவெடுக்க வந்தவரிடம்தான் பல்லக்கா முதன்முதலாக, "தொடட்டுங்களா?" என்று கேட்டாள்.

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. குரல் அப்படியே காதில் இருந்தது. கை இருந்தது, நடை இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தது. ஊர் முழுக்க உள்ள வாய்களை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தவளுக்கு, ஒருநாள் வேலைக்கு நடுவே, அம்மாவின் முன்பல் நேராக இருந்ததா, சற்றே ஏறியிருந்ததா என்று சந்தேகம் வந்துவிட்டது. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அன்றைக்கு மெழுகு கைதவறி இரண்டு தடவை தீய்ந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பூகோள வாத்தியார் மாடியேறி வந்தார். ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். மேல்வரிசைக்கு அளவெடுத்து முடிந்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கினார். அப்படித் தொடங்கிய பேச்சைச் சரியாக எடுத்துக்கொள்ள இதுவரை யாராலும் முடிந்ததில்லை.

"உங்க ஜனங்க சிரிக்கவே மாட்டாங்கன்னு கலைக்களஞ்சியத்துல போட்டிருந்தான். நான் வருஷா வருஷம் பிள்ளைங்களுக்கு அதைத்தான் நடத்தினேன். நீங்க என்னடான்னா இவ்வளவு தமாஷா பேசறீங்க. படம்கூட இருந்துச்சு. ஒரு சின்னப் பொண்ணு, கோடு போட்ட அளவுகோல் பக்கத்துல, மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டு. பின்னால ஆமை மாதிரி ஒரு பாறை."

பல்லக்கா கையிலிருந்த அளவுத் தட்டைக் கீழே வைத்தாள். எந்தக் கலைக்களஞ்சியம், எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நகர நூலகத்தில், பார்வை நூல் பகுதியில், பச்சைத் துணி அட்டை என்றார் வாத்தியார். அவருக்கு அவளுடைய அக்கறை பிடித்திருந்தது. இந்த மாதிரி ஆர்வம் உங்கள் ஆட்களிடம் குறைவு என்றும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமென்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுக்கொண்டு போனாள்.

பார்வை நூல் பகுதி மாடிப்படிக்கு அடியில் இருந்தது. பொறுப்பில் இருந்த நூலகர் சின்னப் பெண். யாருக்காவது உதவி செய்யக் கிடைக்குமா என்று தவித்துக்கொண்டிருக்கிற முகம். எதற்கு வந்தாள் என்று தெரிந்ததும் அந்த முகம் இன்னும் கனிந்தது. எந்தக் கவலையும் வேண்டாமென்று பல்லக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய புத்தகங்களில் இருந்த மோசமான பகுதிகளை எல்லாம் நூலகம் ஏற்கெனவே சரிசெய்துவிட்டதாம். அதற்கென்று ஒரு குழு உட்கார்ந்ததாம். குழுவில் பேராசிரியர், வக்கீல், சமூக சேவகி எல்லோரும் இருந்தார்கள். பல்லக்காவின் ஜனங்களில் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னால் அவர்கள் மனம் புண்படுமே என்று.

பச்சைத் துணி அட்டைப் புத்தகத்தை நூலகர் விரித்தாள். 'பழங்குடிகள்' என்ற தலைப்பின் கீழ் ஒரு பக்கம் முழுக்கப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. மூலை முடுக்கு விடாமல், பசையில் கஞ்சத்தனம் பார்க்காமல், அழுத்தி ஒட்டியிருந்தது. அதன்மேல் புதிதாக அச்சடித்த நாலு வரி: 'இம்மக்கள் எளிமையானவர்கள். இயற்கையின் குழந்தைகள். எப்போதும் புன்னகை மாறாத முகத்தினர்.'

பல்லக்காவுக்குத் தன் பெரியப்பா நினைவுக்கு வந்தார். பாதி ஆயுளை நிலப் பட்டாவுக்காக அலுவலக வாசலில் கழித்தவர். அங்கே அவர் முகத்தில் புன்னகை மாறாமல் இருந்திருந்தால் வீட்டில் வைத்தியம் பார்த்திருப்பார்கள். முன்பு சிரிக்கவே தெரியாது என்றார்கள். இப்போது நிறுத்தவே கூடாது என்கிறார்கள்.

"இதுக்கு அடியில ஒரு படம் இருந்துச்சா?"

"இருந்துச்சு அக்கா. அதையும் சேர்த்து மூடிட்டேன். பார்த்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு. நானே என் கையால ஒட்டினேன்." பெருமையும் பரிவுமாகச் சொன்னாள்.

"அது எங்கம்மா" என்றாள் பல்லக்கா.

நூலகர் பழுப்புத் தாளின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தாள். அது நகரவில்லை. அவளுடைய வேலை அவ்வளவு சுத்தம்.

வேறு பிரதி தேடினார்கள். மற்ற நூலகங்கள் பிரச்சினையே வேண்டாமென்று அந்த வரிசையை மொத்தமாகக் காகித ஆலைக்கு அனுப்பிவிட்டிருந்தன. இணையத்தில் தேடியபோது நூலகரின் முகம் சுருங்கியது. கட்டுரை அங்கே சிரஞ்சீவியாக இருந்தது. சோம்பேறிகள், நாளையை எண்ணாதவர்கள், சிரிப்பதில்லை, விரைவில் மறைந்துவிடுவர் எல்லாம் வரி பிசகாமல், மாணவர்களுக்கான குறிப்புகள், போட்டித் தேர்வு வினா விடை என்று பல பெயர்களில். மறைந்துவிடுவர் என்று எழுதியவர்தான் எப்போதோ மறைந்திருந்தார். எல்லாம் இருந்தது, படம் மட்டும் எங்கும் இல்லை. ஏச்சைப் படியெடுக்க எல்லோருக்கும் நேரம் இருந்திருக்கிறது. அந்தச் சிறுமியின் முகத்தைப் படியெடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆக, உலகத்தில் மிச்சமிருந்த அம்மாவின் ஒரே முகம் ஒரு நல்லெண்ணத்துக்கு அடியில் ஒட்டிக்கிடந்தது.

பார்வை நூலை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. அடுத்த விடுமுறை நாளில், காய்கறிப் பையில் புத்தகத்தை வைத்து, மேலே இரண்டு கட்டுக் கீரையையும் போட்டு மூடிக்கொண்டு நூலகர் பல் ஆஸ்பத்திரியின் மாடியேறி வந்தாள். வாழ்க்கையில் அவள் செய்த முதல் குற்றம். ஒவ்வொரு படிக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்ததால், கீழே மருந்துக்கடைக்காரருக்கு அவள் பல்வலிக்காரியாகத்தான் பட்டாள்.

பின்னறையில் அச்சை அவிழ்க்க வெந்நீர் எப்போதும் கொதிக்கும். சூடு பட்டால் மெழுகு பிடியை விடுவதைத் தினமும் பார்ப்பவள் பல்லக்கா. பசைக்கும் அந்தப் புத்தி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் மெழுகு கெட்டால் வேறு மெழுகு இருக்கிறது. இங்கே ஆவி அதிகமானால் மை கரையும். குறைந்தால் தாளோடு படமும் பிய்ந்து வரும். என்ன பசை என்று கேட்டாள். மாவுப் பசை, வீட்டில் காய்ச்சியது, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போட்டது என்று நூலகர் குற்றவாளியைப் போல ஒப்பித்தாள்.

பல்லக்கா மெழுகு சுரண்டும் தட்டைக் கரண்டியை ஆவியில் காட்டி, ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். முதலில் எழுத்துகள் எழுந்து வந்தன. ஒரு கீறல் இல்லை. 'இவ்வினத்தார் சிரிப்பதில்லை' என்ற வரி நேற்று அச்சடித்தது போல் பளிச்சென்று வந்தது. ஏச்சுக்கு எப்போதும் ஆயுசு கெட்டி என்று முணுமுணுத்தாள். பக்கத்துப் பக்கத்தில் 'பறவைகள்' தொடங்கியது. இந்த ஜனங்களுக்கு ஒரு பத்தி, பறவைகளுக்கு இருபது பக்கம். பறவைகளைப் பற்றி எழுதியவர் பறவைகளைப் பார்த்திருக்கிறார் என்பது படித்தாலே தெரிந்தது.

படம் தனியாக அச்சிட்டு அதே பக்கத்தில் பதித்த வழவழப்பான தாளில் இருந்தது. அதன் விளிம்பு வந்ததும் பல்லக்காவின் கை நின்றது. நூலகர் தானாகவே அடுப்பைத் தணித்தாள். பல்லக்கா பழுப்புத் தாளின் மேல் விரல் நுனியை வைத்தாள். பிறகு, அறையில் இருந்த யாரிடமும் இல்லாமல், மெதுவாகக் கேட்டாள்.

"தொடட்டுமாம்மா?"

நூலகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அளவுகோல் பிழைக்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமாகத் தாளோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அதன் பக்கம் இருந்த காது ஒன்றும், பாறையில் பாதியும் போயின. காது போனபோது பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது தாள் முழுவதும் கையில் இருந்தது. கீழே அம்மா இருந்தாள்.

ஒல்லியாக, வெறுங்காலோடு, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கன்னம் இரண்டும் உள்ளே ஒதுங்கியிருந்தன. உதடு கோணல்மாணலாக இறுகியிருந்தது. மூக்கு விடைத்திருந்தது. கண் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்றுக் கீழே, ஓர் ஆடு நிற்கிற உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. இறுகிய உதட்டை மீறி, நடுவில் ஒரு முன்பல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

"ஏறித்தான் இருந்திருக்கு" என்றாள் பல்லக்கா. வெள்ளைத் தூள் படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் மாவாயிற்று.

செல்போனில் படத்தை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தை வெட்டியே கொடுத்துவிடுகிறேன் என்று நூலகர் பிளேடைத் தேடினாள். குற்றத்தில் அவளுக்குக் கை பழகிவிட்டிருந்தது. பல்லக்கா வேண்டாமென்றுவிட்டாள்.

"புத்தகத்துலயே இருக்கட்டும். எங்கம்மாவ மறுபடி மூடிராதீங்க, அது போதும். அந்த ஆளு எழுதினதையும் மூட வேண்டாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பார்த்தாத்தான் அவன் எவ்வளவு பெரிய அறிவாளின்னு தெரியும்."

"குழு கேட்டா என்னக்கா சொல்றது?"

"அடுத்த தடவ என்னையும் கூப்பிடச் சொல்லுங்க. நான் சிரிக்காம வந்து உட்காருறேன்."

சட்டம் போட்ட படம் மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தது. கண்டக்டர் ஆணியும் சுத்தியலுமாக நாற்காலி மேல் ஏறினார். சுவரில் ஓட்டை போடுவதைப் பற்றி மாமியாருக்கு ஒரு கருத்து இருந்தது. சுவரில் ஆரம்பித்து, சுண்ணாம்பு விலைக்குப் போய், பரம்பரைப் பக்கம் வண்டி திரும்புகிற நேரத்தில் படம் சுவரில் ஏறிவிட்டது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனாள்.

"யாருடி இது?"

"எங்கம்மா, அத்தை. சின்ன வயசுல."

மாமியார் வாயைத் திறந்தாள். 'உர்ருன்னு' என்ற சொல் உதடு வரைக்கும் வந்தது. கண்டக்டருக்குக்கூட அது தெரிந்தது. வந்த சொல் அங்கேயே நின்றுவிட்டது. கிழவி இன்னும் ஓரடி கிட்டே போனாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு திரும்பி மருமகளைப் பார்த்தாள். மறுபடி படத்தை. சம்பந்தியம்மாவை முந்தானை இல்லாமல் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இது கோவமில்லடா" என்றாள் மகனிடம், வெகு நிதானமாக. "கன்னத்தப் பாரு. இந்தப் புள்ள சிரிப்ப அடக்குது."

பிறகு மருமகளை நோக்கி விரலை நீட்டினாள்.

"ஏண்டி. நான் பேசறப்பல்லாம் நீயும் இப்படித்தானடி நிப்ப."

பல்லக்கா தரையைப் பார்த்தாள். உதட்டை இறுக்கினாள். கன்னம் இரண்டும் உள்ளே ஒதுங்கின. சுவரில் ஒன்று, கீழே ஒன்று என்று அறையில் இப்போது ஒரே முகம் இரண்டு இடத்தில் இருந்தது.

"அப்ப இத்தன வருஷமா?"

"கரண்ட் பில்லு வரைக்கும் அடக்கிருவேன் அத்தை" என்றாள் பல்லக்கா, தரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "அதுக்கு மேல முடியாது. அதான் பின்கட்டுக்கு ஓடிருவேன்."

மாமியார் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். புத்தகத்தில் படித்தது, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது, தானே வருஷக்கணக்காக நேரில் பார்த்து ருசுப்படுத்தியது எல்லாம் மனசுக்குள் வரிசையாகச் சரிவது முகத்தில் தெரிந்தது. கண்டக்டர் நாற்காலியை விட்டு இறங்காமல் சுத்தியலோடு காத்திருந்தார். எந்தப் பக்கம் வெடிக்குமோ என்று அவருக்குப் பயம்.

"பாவி" என்றாள் கிழவி கடைசியில். "அழறேன்னுல்லடி நெனச்சேன். மனசு கேக்காம டீ வேற போட்டுப் போட்டு வெச்சேன்."

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே தாங்கவில்லை. தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது. வாயைப் பொத்துவதற்குள் மேல்வரிசைப் பல் செட் பிடியை விட்டு நழுவி, கீழ்வரிசை மேல் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சிரிப்புக்கும் தாளம் போட ஆரம்பித்தது. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, சரிசெய்யடி என்று கையால் சைகை காட்டினாள்.

பல்லக்கா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மாமியாரின் வாய் அகலத் திறந்துதான் இருந்தது. இருந்தாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தொடட்டுங்களா அத்தை?"

கிழவி கண்ணால் சரி சொன்னாள்.